தொனிக்கு ஓர் அறை

நடுவண் அரசு 2000-இல் இயற்றிய ஒலி மாசு விதிகள் 2010-இல் திருத்தப்பட்டபோது, ஒலிபெருக்கியோடு இசைக்கருவியும் ஆம்ப்ளிஃபையரும் அவற்றின் வரம்புக்குள் வந்தன. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் ஓசை, அவ்விடத்தின் எல்லையில், அப்பகுதிக்கு வகுத்த அளவை 5 டெசிபலுக்கு மேல் மிஞ்சக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு அந்த அளவு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. நோயாளியின் உறக்கத்தையும் மாணவரின் படிப்பையும் காக்கும் இவ்வரம்பு நியாயமானது என்பதில் இவ்விதழுக்கு ஐயமில்லை. ஆனால் மைசூருவின் சரஸ்வதிபுரத்திலோ குவெம்பு நகரிலோ மாடி அறையில் கிட்டார் பழகும் ஒருவர் தமக்கான தொனியை இந்த அளவுக்குள் எவ்வாறு கண்டடைவது என்பதை இசைத்துறையினர் பேசியே ஆக வேண்டும்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் தன் திறனின் உச்சத்தை நெருங்கும்போதுதான் கிளிப்பிங், அதாவது ஒலியலையின் முகடு மழுங்குதல், இயல்பாக நிகழ்கிறது. அதற்குத் தேவையான உரப்பைக் குடியிருப்புத் தெரு தாங்காது. ஓவர்டிரைவ் பெடல் அதே வேலையைத் தன் பெட்டிக்குள் முடித்துவிடுகிறது: ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டச் சுற்றில் டயோடுகளை எதிரெதிராக வைத்து முகட்டை மென்மையாக மழுக்க, பாஸ் நிறுவனத்தின் எஸ்டி-1 அவற்றை ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாகச் சமமின்றி வைப்பதால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் கூடுகின்றன. லெவல் குமிழைத் தணித்து, டிரைவ் குமிழைக் கூட்டி, கிட்டாரின் வால்யூம் குமிழாலேயே அழுத்தத்தை ஏற்றி இறக்கினால், ஒருவருடைய விரலின் இயல்பு தாழ்ந்த ஒலியிலும் ஓரளவு புலப்படும். இரு சுரங்கள் சேரும்போது ஓவர்டிரைவ் அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களையும் எழுப்பிக் குழப்பும். ஒற்றைச் சுரமாக நகரும் ராக இசைக்கு அத்தொல்லை இல்லாததோடு, கமகத்தின் இறுதி இழையும் நீண்டு நிற்கும் என்பது மைசூருவின் கிட்டார் கலைஞர்கள் போதிய அளவு பயன்படுத்தாத வாய்ப்பு.

எனினும் பெடலால் தீராத ஒன்று உண்டு. ஒலி குறையும்போது மனிதச் செவி தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரிதும் இழப்பதால், வீட்டில் நிறைவாக அமைத்த தொனி மேடையில் கனத்துக் கலங்குகிறது. டியூப் ஸ்க்ரீமரின் நடுப்பகுதி எழுச்சி அறையில் மூக்கடைத்தாற்போல் கேட்பதால் ஒதுக்கப்படுகிறது, டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே கிட்டாரைக் கேட்கச் செய்வது அதுவே என்றாலும். மைக் பரவாத காலத்தில் மைசூர் டி. சௌடையா பின்வரிசைக்கும் கேட்கும்படி ஏழு தந்தி வயலினை அமைத்த இவ்வூருக்கு, உரப்பும் தொனியின் உறுப்பே என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தன் முழு ஒலியை ஒரு முறையும் கேளாமல் ஒருவர் தன் தொனியைக் கண்டுகொண்டதாகச் சொல்ல முடியாது. அவர் கண்டுகொள்வது விதியின் தொனியைத்தான்.

இங்கேதான் அரசின் போக்கு வருத்தமளிக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை ஒலிபெருக்கியை அனுமதிக்க மாநில அரசுகளுக்கு அவ்விதிகளே இடமளிக்கின்றன. 2024-இல் மைசூரு தசராவின் இளைஞர் விழாவான யுவ தசரா நகருக்கு வெளியிலுள்ள உத்தனஹள்ளிக்கு மாற்றப்பட்டு, இளையராஜாவும் ஏ.ஆர். ரகுமானும் அங்கு மேடையேறினர். ஆயத்தமான கலைஞருக்கு மைதானம் தேடித் தரும் அரசு, ஆயத்தமாகும் கலைஞருக்கு ஓர் அறை தரவும் கடமைப்பட்டது அன்றோ? தெருவில் எவ்வளவு ஒலிக்கலாம் என்று அளந்து சொல்லும் விதிநூலில், முழு ஒலியில் பழகுவதற்கான இடம் குறித்து ஒரு சொல்லும் இல்லை. தடுப்பதை மட்டும் ஆட்சியின் வேலையாகக் கருதும் இந்த மனப்பான்மையே ஒரு தலைமுறையின் கிட்டார் ஒலியை ஹெட்ஃபோனுக்குள் அடைத்திருக்கிறது.

கங்குபாய் ஹங்கல் பெயரில் இசைக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இயங்கும் நகரம் இது. ஒலி கசியாத ஒரு பயிற்சி அறையை அங்கு அமைத்து, மணிக்கணக்கில் குறைந்த கட்டணத்துக்கு வெளியாருக்கும் திறந்துவிடுமாறு கர்நாடக அரசை இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. ஆசிரியர்களும் ஒலிப் பொறியாளர்களும் இக்கோரிக்கையை எழுத்தில் அனுப்ப முன்வர வேண்டும்.