கறிவேப்பிலை எப்படி இருக்கு?

அம்மா அப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வந்தா செடி, சமையல், வீட்டு வேலைன்னு ஒரே பேச்சு. போரடிக்குதுன்னு உடனே போனை எடுத்துடாதீங்க.

ட்ருகனினா மண்ணைப் பத்தி உங்களுக்கே தெரியும். மெல்பர்னோட இந்த மேற்குப் பக்கம் எரிமலைப் பாறைச் சமவெளி. மேல கனமான களிமண். கோடையில வெடிச்சுப் போகும், மழையில ஷூவை விடாது. ஜூன், ஜூலையில உறைபனி வேற. கறிவேப்பிலைக்கு இது ரெண்டுமே ஆகாது. அதனால தொட்டியில வெச்சு, குளிர் வந்ததும் வெயில் படுற சுவர் ஓரமா நகர்த்தணும். தனி ஆளா முடியாது, அவ்வளவு கனம்.

"தொட்டியை நகர்த்தியாச்சா?"ன்னு ஆன்ட்டி கேட்பாங்க. "இல்ல, இவருக்கு முதுகு வலி"ன்னு பதில் வரும். முதுகு வலியைச் சொல்றதுக்குன்னு யாரும் போன் பண்ண மாட்டாங்க. ஊர்ல பாட்டிக்கு முடியாதது, வேலை போனது, வீட்டுக் கடன் எல்லாம் செடியைச் சாக்கா வெச்சுத்தான் வெளிய வருது. வாட்ஸாப்ல பூ படத்துக்கு லைக் போட்டா வராது.

2009-ல ஆரம்பிச்ச 'ஆர் யூ ஓகே' நாள் இப்ப ஆஸ்திரேலியாவில செப்டம்பர் மாசம் வருது. நல்ல விஷயம், நான் குறை சொல்லல. ஆனா நம்ம அங்கிள்கிட்ட அப்படி நேராக் கேட்டுப் பாருங்க. "ஃபைன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவார். தொட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்துட்டு, செடியைப் பத்திக் கேளுங்க. அரை மணி நேரம் பேசுவார்.