சுவருக்குள் ஒரு பந்தயம்



தாயின் பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் ஒன்றுகூடுவது உலக வழக்கம். 1987-ஆம் ஆண்டில் பெர்லின் மாநகர் தனது 750-ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது அவ்வழக்கம் பொய்த்தது. ஒரே நகருக்கு இரண்டு விழாக்கள் நடந்தன. கிழக்குப் பகுதியினர் போரில் அழிந்த பழைய நிக்கோலாய்க் குடியிருப்பை மீண்டும் எழுப்பித் தனியே விழா எடுத்தனர். மேற்குப் பகுதியினரோ, பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமான தூர் தெ பிரான்ஸ் தங்கள் நகரிலிருந்து தொடங்குமாறு ஏற்பாடு செய்தனர்.

இரு விழாக்களுக்கும் இடையே நின்றது சுவர். 1961 ஆகஸ்டு 13-ஆம் நாள் முள்வேலியாகத் தோன்றி, பின்னர் கான்கிரீட்டாக இறுகிய அச்சுவர் மேற்கு பெர்லினை ஒரு தீவைப் போல வளைத்திருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். அதனருகே உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர்.

1987 ஜூலை 1-ஆம் நாள் 6 கிலோமீட்டர் முன்னோட்டப் போட்டியுடன் பந்தயம் தொடங்கியது. மறுநாள் 105 கிலோமீட்டர் சாலைப் பந்தயமும், 40 கிலோமீட்டர் அணிப் பந்தயமும் நடைபெற்றன. கூட்டிப் பாருங்கள்: அவ்விரு நாட்களில் வீரர்கள் ஓட்டிய தொலைவும் சுவரின் நீளமும் ஏறக்குறைய ஒன்றே! அத்தனை தொலைவு ஓட்டியும் அவர்கள் சுவரைத் தாண்டவில்லை. அடுத்த கட்டம் மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் தொடங்கியது. இடையிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் சாலைகளில் அப்பந்தயம் நடைபெறவில்லை.

ஆயினும் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஜூலை 2-ஆம் நாள் முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்தவர் போலந்து நாட்டு வீரர் லெக் பியாசெட்ஸ்கி. கம்யூனிச நாடுகளிலிருந்து வந்து அச்சட்டையை அணிந்த முதல் மனிதர் அவரே. வார்சாவையும் பிராகாவையும் இணைத்து 1948-இல் தொடங்கி, 1952 முதல் கிழக்கு பெர்லினையும் சேர்த்துக்கொண்ட அமைதிப் பந்தயத்தில், 1985-இல் வெற்றி வாகை சூடியவரும் அவரே. சுவரின் இருபுறத்து மாபெரும் பந்தயங்களிலும் ஒரே மனிதரின் கால்கள் மேன்மை பெற்றன. மனிதனின் ஆற்றலுக்குக் கிழக்கென்றும் மேற்கென்றும் உண்டோ?

1989 நவம்பர் 9-ஆம் நாள் சுவர் திறந்தது. 1990 ஜூலையில், அமைதிப் பந்தயத்தில் இருமுறை வென்ற கிழக்கு ஜெர்மானியர் ஓலாஃப் லூட்விக், தூர் தெ பிரான்சில் பச்சைச் சட்டையை வென்றார். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அவரது நாடும் ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. பாகப்பிரிவினையில் மனம் கசந்த அண்ணன் தம்பியர், ஒரே தாயின் நினைவு நாளைத் தனித்தனியே அனுசரிக்கும் வீடுகளை நாம் அறிவோம். இரு பந்திகளிலும் உணவு குறைவதில்லை, உறவுதான் குறைகிறது. கோபம் கொண்டவர் பெரியோர். ஆனால் சிற்றப்பன், பெரியப்பன் மக்களின் முகமறியாமல் வளர்பவர் சிறியோர் அல்லவா? பெர்லின் மக்கள் 28 ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்கள்மேல் சுவரைச் சுமத்தியவர்கள் ஆட்சியாளர்கள். நம் வீட்டுச் சுவரை எழுப்பியவர் நாமே. அதைத் திறக்கும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது. அடுத்த விசேஷத்திற்கு முதல் அழைப்பை அந்த வீட்டிற்கே கொண்டுசெல்வோம்.