புதுக் காமிரா பழுதா? ரசீது எங்கே?

புதுக் காமிரா வாங்குவது சின்னக் காரியம் அல்ல. மாதக் கணக்கில் பணம் சேர்க்க வேண்டும். நகையை அடகு வைத்து வாங்குகிறவர்களும் உண்டு.

அந்தக் காமிரா பத்தாம் நாளே மக்கர் செய்தால்?

கலியாண வீடு. தாலி கட்டுகிற நேரம். போட்டோ பிடிப்பவர் பொத்தானை அமுக்குகிறார். காமிரா வேலை செய்யவில்லை! "இன்னொரு முறை தாலி கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

மறுநாள் கடைக்கு ஓடுகிறார். "கம்பெனியைப் போய்ப் பாருங்கள்" என்கிறார் கடைக்காரர். கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில், "கீழே போட்டீர்களா? தண்ணீர் பட்டதா?" என்று கேட்கிறார்கள். நாலு தடவை அலைந்ததும், "எல்லாம் தலைவிதி" என்று சும்மா இருந்து விடுகிறார்.

சும்மா இருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

சலுகை அல்ல, உரிமை

வாரண்டி என்பது கடைக்காரர் இரக்கப்பட்டுத் தரும் சலுகை அல்ல. நாம் கொடுத்த விலையில் அதுவும் அடக்கம்.

அதற்கு எல்லை உண்டு. கீழே விழுந்து உடைந்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ, வெளி ஆள் பிரித்துப் பார்த்தாலோ பொதுவாக வாரண்டி கிடைக்காது. அது நியாயம்தான். பாட்டரிக்குத் தனிக் கெடு இருக்கலாம். ஆகவே வாரண்டி அட்டையை வாங்கும்போதே படியுங்கள். புரியாவிட்டால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கம் என்ன?

"ரசீது வேண்டாம் என்றால் விலை குறையும்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஏமாறாதீர்கள்! ரசீது இல்லாவிட்டால், நீங்கள் வாங்கியதற்குச் சாட்சி ஏது?

கடையிலேயே பாருங்கள்

பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். காமிராவில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், ரசீதில் உள்ள எண் மூன்றும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு படம் எடுங்கள். படம் முழுவதும் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கோளாறு இருக்கலாம். பிறகு வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். கறுப்புத் திட்டு தெரிந்தால் உள்ளே தூசி இருக்கலாம். கிட்டத்தில் ஒரு படம், தூரத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்!

சட்டம் உங்கள் பக்கம்

நுகர்வோரைக் காக்க 1986-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் செய்தார்கள். அது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ரசீது தர மறுப்பது தவறு என்கிறது இந்தச் சட்டம். பழுதான சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் தவறு. ரசீதில் போட்ட கெடுவுக்குள் அதைத் திருப்பலாம். கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் அவகாசம். ஆகவே பழுது தெரிந்த அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். நகல் வைத்துக் கொள்ளுங்கள். சர்வீஸ் நிலையத்தில் காமிராவை விட்டால், என்ன பழுது என்று எழுதிய சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பலன் இல்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தீர்ப்புக்குத் தாமதம் ஆவதும் உண்டு. பொறுமை வேண்டும். பழுது நீக்கவோ, வேறு காமிரா தரவோ, பணத்தைத் திருப்பவோ கமிஷன் உத்தரவிடலாம். நஷ்டஈடும் உண்டு.

"நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள். இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை" என்று சிலர் மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து வயிறு கழுவுவதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான். சட்டமே அப்படிச் சொல்கிறது.

ஒட்டுப் போடுவது நியாயமா?

"ரிப்பேர் செய்து தருகிறோம்" என்றே பல கடைகள் சொல்கின்றன. ஓராண்டு உழைத்த காமிராவுக்கு ரிப்பேர் சரி. பத்தே நாளில் படுத்த காமிராவுக்கும் ரிப்பேர்தானா? புதுச் சட்டை கேட்டுப் பணம் கொடுத்தவனுக்கு ஒட்டுப் போட்ட சட்டையைத் தருவதா? முதல் மாதத்தில் பழுதானால் வேறு காமிரா தருவதே நாணயமான வியாபாரம். அப்படிச் செய்யும் கடையை ஜனங்கள் மறக்க மாட்டார்கள்.

கடைக்காரரிடம் சண்டை போடவேண்டாம். கும்பிடவும் வேண்டாம். ரசீதைக் காட்டி, நியாயத்தைக் கேளுங்கள். ரசீதைக் குப்பையில் போடுகிறவர், தம் உரிமையையும் சேர்த்துத்தான் போடுகிறார்!