சார்ஜருக்கு முன் எர்த்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்சாரக் கார் வாங்குவோர், வீட்டுக்கு எந்தச் சார்ஜர் உசிதமென்று ஆலோசிக்கையில், அதன் வேகத்தையே பிரதானமாகக் கருதி, அதைச் சுமக்கவேண்டிய ஒயரிங்கையும், மின்வாரியம் அனுமதித்த லோடையும், எல்லாவற்றுக்கும் மேலாக எர்த்தையும் அலட்சியம் செய்வது மிகுந்த விசனத்துக்குரியது. 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுக்கும் 7.4 கிலோவாட் சார்ஜர் மணிக்கணக்காக இடைவிடாது ஓடுமாதலால், பழைய மெல்லிய கம்பிகள் சூடேறி விபரீதம் விளையக்கூடும்; அன்றியும், காருக்குள்ளிருக்கும் சார்ஜிங் சாதனம் 3.3 கிலோவாட்டுக்கு மேல் ஏற்காதாயின் அதிகச் செலவு முற்றிலும் விரயமே. 30 கிலோவாட்-மணி பாட்டரிக்கு 16 ஆம்பியர் சார்ஜரே போதும். இரவில் செருகினால் காலையில் நிரம்பிவிடும்.

ஆகவே வாசகர்கள், சார்ஜருக்குப் பணம் கட்டுமுன், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதித்து, மீட்டர் பலகையிலிருந்து, மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யுடன் தனி லைன் இழுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், மதுரை