வினையின் பின்னே ஒரு சிறுசொல்

சங்க நூலகத்தில் மாணாக்கர் சிலர் சென்ற திங்கள் நம்மிடம் ஒரு வினா எழுப்பினர். “‘புட்’ என்றால் வைத்தல், ‘ஆஃப்’ என்றால் அப்பால். இரண்டும் சேர்ந்ததும் ஒத்திப்போடுதல் என்னும் பொருள் எங்கிருந்து வந்தது?” நியாயமான வினாவே. ஆங்கில வினையின் பின்னே ஒரு சிறுசொல் ஒட்டிக்கொண்டு பொருளை வேறிடத்துக்கு இழுத்துச் செல்லும் இவ்வழக்கு அயல்மொழியாளருக்குப் பேரிடர் தருவது என்பதைச் சாமுவேல் ஜான்சனே 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார். ஆதலின் நம் பிள்ளைகள் தடுமாறுவதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

ஆயினும் இதனை விளையாட்டாக விட்டுவிடவும் இயலாது. விடுதியில் தங்கி ஈராண்டாய் வேலை தேடிய நம்மூர் இளைஞர் ஒருவருக்கு, நேர்முகத் தேர்வு ‘புட் ஆஃப்’ செய்யப்பட்டதாகக் கடிதம் வந்தது. அவரோ அதனைக் ‘கால் ஆஃப்’ என்று பொருள்கொண்டு, இனித் தேர்வே இல்லையென ஊருக்கு வண்டியேறிவிட்டார். முன்னது நாளைத் தள்ளிவைத்தல். பின்னது அடியோடு இல்லையென்றாக்குதல். புதிய நாளைக் குறித்து வந்த இரண்டாம் கடிதம் பூட்டிய அறையின் கதவடியில் கிடந்தது. அவர் திரும்பி வருமுன் தேர்வு முடிந்துவிட்டது.

நம் தமிழில் இத்தகைய வழக்கு இல்லையா? ‘பார்’ என்பது ‘பார்த்துக்கொள்’ ஆனதும் கண்ணுக்கு அங்கே வேலை குறைந்து, பேணுதலே பொருளாகிறது. ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் அதுவே. ‘கைவிடு’ என்பதில் கை எங்கே? ‘கிவ் அப்’ என்பதில் கொடுத்தல் எங்கே? ‘புட் அப் வித்’ என மூன்று சொல் கூடினால் ‘பொறுத்துக்கொள்’. இன்னும் நோக்கின், ‘ஒத்திவை’யில் உள்ள ‘வை’தானே ‘புட் ஆஃப்’பில் உள்ள ‘புட்’! மாணாக்கரிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்தது.

சொல் நிற்கும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘புட் ஆஃப் த மீட்டிங்’ எனலாம். ‘புட் த மீட்டிங் ஆஃப்’ எனலும் ஆம். ஆனால் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் அமரும்: ‘புட் இட் ஆஃப்’. ‘லுக் ஆஃப்டர்’ அவ்வாறு பிரிந்து இடங்கொடாது. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதே முறை.

நம் நாட்டினர் தாமே படைத்துக்கொண்டவையும் உள. ‘கோப் வித்’ என்பதன் நடுவே ஓர் ‘அப்’பைச் செருகுவது நமக்கு வழக்கம், அது வேண்டாத விருந்தாளி. கோப்பினை மேலதிகாரியிடம் ‘புட் அப்’ செய்தல் நாம் நாள்தோறும் எழுதுவது. அலுவலகத்துக்குள் அதில் குற்றமில்லை என்பதே நம் கருத்து. ஆங்கிலேயர் இல்லத்திலோ, அது விருந்தினரைத் தங்கவைத்தலைக் குறிக்கும். மகன் கல்லூரியில் ‘பாஸ் அவுட்’ ஆனான் என்று இலண்டனிலுள்ள மைத்துனருக்கு எழுதினால், மயங்கி விழுந்தானோ என்று அவர் பதறக்கூடும்.

பட்டியலாக நெட்டுருச் செய்வதால் பயன் சிறிதே. பாட்டியை வண்டியேற்ற ரயிலடிக்குப் போகும் குழந்தை, அன்றிரவே ‘ஸீ ஆஃப்’ என்பதை அமைத்து ஒரு வாக்கியம் எழுதட்டும். வழியனுப்புதல் என்னும் பொருள் பின்னர் மறவாது.

அடுத்த திங்கள் ‘டேக்’ என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். ‘டேக் ஆஃப்’, ‘டேக் ஓவர்’, ‘டேக் ஆஃப்டர்’ என அதன் சுற்றம் பெரிது.