சங்கும் சர்க்கரையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நம்பரில் பக்கத்து சீட்டு ஆசாமிக்கு முகம் வெளிறியது. என் ஜன்னல் சீட்டை உடனே விட்டுக்கொடுத்தேன். தியாகமெல்லாம் இல்லை. சட்டை புதுசு.

போனது நண்பனின் குழந்தையைப் பார்க்க. காப்பி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். அப்பாவாகி நாலு நாள்.

நுழையும்போதே உள்ளே மாநாடு. 'தாய்ப்பால் பத்தலை' என்று தீர்மானம். முன்மொழிந்தவர் நண்பனின் அப்பாயி, வழிமொழிந்தவர் பக்கத்து வீட்டம்மா. சம்பந்தப்பட்ட தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. மேஜை மேல் சங்கு, ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி. அடுத்த அயிட்டம், டின் பவுடர்.

"ஒரு வாய் சக்கரத் தண்ணி குடுத்தா என்ன கண்ணு ஆயிரும்? உங்கொப்பனுக்கே நான்தான் சேனை வெச்சேன்" என்றார் அப்பாயி. நண்பன் என்னைப் பார்த்தான். மாச லெட்ஜரில் பத்து ரூபாய் உதைத்தால்கூட அவன் இப்படி முழிப்பதில்லை.

அந்த முழி எனக்குப் பழக்கம். எட்டு வருஷம் முன்னால் நானும் அப்படி முழித்துவிட்டு, பெரியவர்கள் சொன்னபடி சங்கைப் பிடித்தவன்தான். மூன்றாம் வாரம் பையனை வயிற்றுப்போக்குடன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் சுண்டுவிரல் தடிமன் கூட இல்லாத கையில் டிரிப்ஸ் ஊசி. காரணம் தண்ணீரா, சங்கா, என் கையா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. நானே எனக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். பையன் பிழைத்துக்கொண்டான். நான் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் என்னை உட்காரவைத்தது ஒரு சர்க்கரை சமாசாரம். தாய்ப்பாலில் லாக்டோஸ் இருக்கிறது, அது குழந்தைக்கு. கூடவே ஒரு லிட்டருக்கு ஐந்திலிருந்து பதினைந்து கிராம் வரை ஆலிகோசாக்கரைடு என்று வேறொரு சர்க்கரைக் கூட்டம் இருக்கிறது. நூற்றைம்பது வகைக்கு மேல். சீம்பாலில் இன்னும் அதிகம். பசும்பாலில் பேருக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், இதைக் குழந்தையால் ஜீரணிக்க முடியாது!

ஜீரணிக்க முடியாததை அம்மா எதற்கு மெனக்கெட்டுத் தயாரிக்க வேண்டும்? அது குழந்தைக்கே இல்லை சார். குழந்தையின் குடலில் குடியிருக்கும் பிஃபிடோபாக்டீரியம் என்ற நுண்ணுயிருக்கு. 1899-ல் பாரிஸில் ஹென்றி டிஸ்ஸியே என்பவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுபிடித்தார். அது எதைத் தின்று இப்படிக் கொழிக்கிறது என்ற கேள்விக்கு, 1954 வாக்கில் பால் ஜியார்ஜியும் நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் கூனும் இந்தச் சர்க்கரையைக் கைகாட்டினார்கள்.

தின்றதற்கு வாடகை உண்டு. சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலமாக்கிக் குடலை லேசாகப் புளிப்பாக வைத்துக்கொள்கிறது. பேதி உண்டாக்கும் கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. இன்னொரு தந்திரமும் உண்டு. சில கிருமிகள் குடல் சுவரில் உள்ள சர்க்கரை முனைகளைப் பிடித்துத் தொங்கித்தான் உள்ளே நுழையும். தாய்ப்பால் சர்க்கரையும் அதே ஜாடை. கிருமி ஏமாந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நேரே துணிக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதெல்லாம் முழுக்கத் தேவாமிர்தக் கதையும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி 2018-ல் வெளியானது. பச்சிளம் குழந்தைகளைத் தொற்றும் ஒரு ரக ரோட்டா வைரஸுக்கு இந்தச் சர்க்கரைகளில் சில, தடையாக இல்லாமல் ஒத்தாசையாகவே இருந்தன. இயற்கையும் சில சமயம் ராங் நம்பர் போடும். அதற்காக டெலிபோனைப் பிடுங்கி எறிந்துவிடுவதில்லை.

இதை அப்பாயியிடம் எப்படிச் சொல்வது? ஆலிகோசாக்கரைடு என்று ஆரம்பித்தால் சங்காலேயே அடிப்பார்.

"அப்பாயி, நீங்க சொல்றது சரிதான். குழந்தைக்குச் சக்கரை வேணும். அதான் அவங்கம்மா பால்லயே போட்டு அனுப்பியிருக்கா. இந்த டம்ளர் தண்ணியால வயிறு ரொம்பிட்டா, அந்தச் சக்கரையை யார் குடிக்கிறது?"

அப்பாயி யோசித்தார். "அப்ப பால் பத்துதான்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?"

நியாயமான கேள்வி. அஞ்சாம் நாளிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்தில் ஆறு துணியாவது நனைய வேண்டும். எடை ஏற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டாக்டரிடம் போகவேண்டும், சங்கிடம் இல்லை. குழந்தையை மார்பில் பிடிக்கிற வாகை நர்ஸம்மா ஒருமுறை பார்த்துச் சரிசெய்தாலே பாதிப் பிரச்னை தீரும். நிஜமாகவே பால் சுரக்காத தாய்மார்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. டாக்டர் வழி சொல்வார். அதற்காகத்தான் 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அது வந்தது.

நண்பனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "கணக்கு எழுதத் தெரியுமில்ல? எழுது. நனைஞ்ச துணி எத்தனைன்னு" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவள் மெள்ள இந்தப் பக்கம் திரும்பினாள். குழந்தையை எடுத்துக்கொண்டாள். ஆண்கள் வெளியேறினோம்.

கொஞ்ச நேரத்தில் அப்பாயி காப்பி கொண்டுவந்தார். தோட்டத்துக் காப்பி. தித்திப்பு ரொம்பத் தூக்கல். டம்ளர் தண்ணி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து ஆபீஸுக்கு போன். ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது.

"டேய், இன்னிக்கு ஏழு!"

சம்பளம் உயர்ந்தபோதுகூட அவன் குரல் அப்படி இல்லை.