பலாக்கட்டையும் பீங்கான் சூளையும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை ஆறும்போது வீணாகும் சூட்டைக் கொண்டு மரம் உலர்த்தலாமா? தாராளமாக உலர்த்தலாம். ஆனால் மண் பண்டத்தை உலர்த்தும் முறையிலேயே உலர்த்தினால் கட்டை பிளந்துதான் வெளியே வரும்.

உலர்த்த மரமும் பக்கத்திலேயே உண்டு: விருத்தாசலத்திலிருந்து நெய்வேலியைத் தாண்டினால் பண்ருட்டிப் பலாத் தோப்புகள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் கட்டை தேடுகிறவர்கள் வந்துசேரும் இடம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இந்தக் கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்படி ஒரே நாளில் மரம் குவிந்தால், அறுத்து நிதானமாக உலர்த்த வழியில்லாத இடத்தில் நல்ல சேகும் விறகு விலைக்குத்தான் போகும்.

களிமண் பண்டத்தில் சுருக்கம் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். துகளோடு துகள் முட்டிக்கொண்ட பிறகு சூட்டைத் துணிந்து ஏற்றலாம். மரம் இதற்கு நேரெதிர். பச்சைக் கட்டையில் முதலில் போவது செல்லின் குழிக்குள் தேங்கிய நீர். அது போவதால் மட்டும் மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, செல் சுவரில் ஊறிய நீர் கழியும்போதுதான் சுருக்கம் தொடங்கும். முழுதும் உலரும்வரை விடாது. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. நடுத்தண்டோடு விட்ட உருட்டுக்கட்டை வெடிப்பது இதனால்தான். மிருதங்கக் கட்டையைப் பச்சையிலேயே தோராயமாகக் குடைந்து வைத்து, இரு முனைக்கும் மெழுகு பூசினால் பாதித் தொல்லை தீரும்.

அதனால் மரத்துக்குச் சூடு மட்டும் போதாது, உலர்த்தும் அறையில் ஈரக்காற்றும் வேண்டும். உள்ளே பச்சையாக இருக்கும்போதே மேற்பரப்பு காய்ந்து இறுகிவிட்டால், பலகை பார்வைக்கு நேராக இருந்தாலும் அறுக்கும்போது ரம்பத்தைக் கவ்வும். சூளைப் புகையை அறைக்குள் விடவே கூடாது; பண்டம் ஆறும் பகுதியிலிருந்து வரும் சுத்தமான காற்றே போதும்.

கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 150 கிராம் துண்டு, 103 டிகிரி அடுப்பில் எடை மாறாத நிலைக்கு வந்தபின் 100 கிராம் என்றால், மரக்காரர் கணக்கில் ஈரம் 50 சதவீதம். ஈர எடையால் வகுத்தால் 33. எந்த எடையால் வகுத்தது என்று சொல்லாத அறிக்கையை நாம் நம்புவதில்லை. ஈரம் அளக்கும் ஊசி மீட்டரும் 30 சதவீதத்துக்கு மேல் ஊகம்தான் சொல்லும்.

எவ்வளவு உலர்த்துவது? 30 டிகிரி வெப்பம், 70 சதவீதக் காற்றீரம் என்றால் மரம் 13 சதவீதம் அளவில் நிலைகொள்ளும்; காற்றீரம் 50 ஆனால் 9. மார்கழி முழுக்க ஏசி சபாக்களில் அலையும் வீணைக்கும் கடலூர் வீட்டுக் கதவுக்கும் ஒரே அளவு பொருந்தாது.

பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. மர அறிவியலுக்குப் பெங்களூரில் தனி நிறுவனம் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு சூளையோடு ஓர் அறையை இணைத்து, ஒரு லோடு பலாவை உலர்த்திப் பார்க்கட்டும். நாள்வாரியான சூடு, காற்றீரம், எடை, வெடித்த கட்டைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் இவ்விதழில் வெளியிட இடம் தருகிறோம்.